கையில் கட்டிய வாட்ச் யாரிடம் பேசுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உடல்நல ஆப்களை வெளியிடுவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவள் நான். டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. ஆனாலும் புதிதாக ஸ்மார்ட் வாட்ச் வாங்கிய சொந்தக்காரர்கள், அபார்ட்மெண்டில் காலை நடை போகிறவர்கள், பழைய ஆபீஸ் தோழிகள் என்று வாரத்துக்கு ஒருவராவது இதைப் பற்றிக் கேட்டுவிடுகிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு வாட்ச் அப்படி என்னதான் சேகரிக்கிறது?

இரவில் விளக்கை அணைத்துவிட்டு, கட்டியிருக்கும் வாட்சைக் கையிலிருந்து கொஞ்சம் தூக்கிப் பாருங்கள். அடியில் பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டிருக்கும். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் துடிக்கத் துடிக்க மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைகிறது, பட்டுத் திரும்பும் வெளிச்சமும் அதற்கேற்ப மாறுகிறது. திரையில் நாடித்துடிப்பு என்று வருவது அந்த மாற்றத்தை வைத்துப் போட்ட கணக்கு. ஆக்சிஜன் அளவுக்குச் சிவப்பும் அகச்சிவப்பும். நடையை எண்ணுவதற்குக் கை அசைவைப் பதியும் சென்சார். சில மாடல்களில் ஜிபிஎஸ், தோலின் வெப்பம், ஈசிஜி.

இவை அளப்பவை. தூக்கம் எவ்வளவு ஆழம், மன அழுத்தம் எத்தனை மார்க் என்பதெல்லாம் ஊகிப்பவை. வயது, எடை, மாதவிடாய் தேதி, காலையில் எத்தனை இட்லி என்பதெல்லாம் நாமே உட்கார்ந்து ஊட்டிவிடுபவை. அப்புறம் யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று உண்டு. வாட்சை எத்தனை மணிக்குக் கழற்றினோம், எப்போது திரும்பக் கட்டினோம் என்பதையும் பல வாட்ச்கள் குறித்துக்கொள்கின்றன.

நான் எத்தனை அடி நடந்தேன் என்பது தெரிந்துபோனால் என்ன? மறைக்க என்ன இருக்கிறது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். இரண்டு கதை சொல்கிறேன்.

ஓட்டக்காரர்களும் சைக்கிள்காரர்களும் பயன்படுத்தும் ஸ்ட்ராவா என்ற ஆப், 2017 நவம்பரில் ஓர் உலக வரைபடம் வெளியிட்டது. அதில் ஒருவர் பெயரும் இல்லை. எல்லாரும் ஓடிய தடங்கள் ஒளிக்கோடுகளாகத் தெரியும், அவ்வளவுதான். 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளில் கும்மிருட்டான இடத்தின் நடுவே சின்னச் சின்ன வளையங்கள். வெளிநாட்டு ராணுவ முகாம்களுக்குள் சிப்பாய்கள் தினமும் ஓடிய பாதை. அந்த வருடம் ஆகஸ்டில் அமெரிக்க ராணுவத் தலைமை, களத்தில் இருப்பவர்கள் இடம் காட்டும் வசதியை அணைத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. 2024இல் பிரான்சின் லெ மோந்த் நாளிதழ், அதிபர்களின் மெய்க்காவலர்கள் அதே ஆப்பில் பதிந்த ஓட்டங்களை வைத்து அதிபர்களின் நடமாட்டத்தையே கண்டுபிடிக்க முடிந்தது என்று காட்டியது. ஆறு வருடம் கழித்தும் பாடம் ஏறவில்லை.

"நான் என்ன அதிபரின் மெய்க்காவலரா?" என்பீர்கள். சரி, இரண்டாவது கதை. 2016இல் அமெரிக்காவில் ஒருவர் இணையத்தில் ஒரு சந்தேகம் கேட்டார். மனைவியின் ஃபிட்பிட் கைப்பட்டை கெட்டுப்போய்விட்டது போலிருக்கிறது, சில நாளாக நாடித்துடிப்பைக் கூட்டிக் காட்டுகிறது, என்ன செய்யலாம் என்று. படித்த யாரோ ஒருவர், உங்கள் மனைவி கர்ப்பமாக இருக்கலாமே என்று பதில் போட்டார். அதுதான் உண்மையாக இருந்தது. வீட்டுக்காரிக்கே தெரியாத சங்கதி, முன்பின் தெரியாத ஆளுக்கு நாலு வரியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஓய்வில் இருக்கும்போது நாடித்துடிப்பு காய்ச்சலில் ஏறும், குடித்த இரவில் ஏறும், கவலையில் தூக்கம் கெட்டாலும் மாறும். ஒரு நாள் எண்ணில் பெரிதாக ஒன்றும் இல்லைதான். ஆறு மாத எண்ணை வரிசையாக வைத்தால் அது உங்கள் டைரி.

இதெல்லாம் வாட்சுக்குள்ளேயே இருக்காதா? எங்கே போகிறது?

வாட்சிலிருந்து ப்ளூடூத் வழியாகப் போனில் இருக்கும் ஆப்புக்கு. அங்கிருந்து பெரும்பாலும் கம்பெனியின் சர்வருக்கு. இதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்கு அப்புறம்தான் சந்து பொந்துகள்.

ஆப் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. விளம்பரத்துக்கு ஒன்று, யார் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்று எண்ணுவதற்கு ஒன்று என வெளியிலிருந்து ஆயத்தத் துண்டுகளை வாங்கிச் செருகுவார்கள். அந்தத் துண்டுகள் தங்கள் முதலாளிக்குத் தகவல் அனுப்பும். ஃப்ளோ என்ற மாதவிடாய் ஆப்பில் நடந்தது இதுதான். பெண்கள் பதிந்த விவரங்கள் இந்த வழியாக ஃபேஸ்புக், கூகுள் போன்றவற்றின் பகுப்பாய்வுப் பிரிவுகளுக்குப் போனதாக அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டி, 2021இல் சமரசத்தில் முடித்தது. இதே விஷயத்தில் 2025 ஆகஸ்டில் கலிபோர்னியாவில் ஜூரி, ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா அந்தரங்கச் சட்டத்தை மீறியது உண்மை என்று சொன்னது.

இடைத்தரகர்களும் உண்டு. பல கம்பெனிகளின் வாட்ச் தகவல்களை ஒரே இடத்தில் சேர்த்துத் தரும் கெட்ஹெல்த் என்ற அமெரிக்க நிறுவனத்தின் தரவுத்தளம் 2021இல் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்ததை ஓர் ஆய்வாளர் கண்டார். 6 கோடியே 10 லட்சம் பதிவுகள். ஃபிட்பிட் கட்டியிருந்தவர்களில் எத்தனை பேர் கெட்ஹெல்த் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள்?

மலிவு வாட்ச் வாங்குகிறவர்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். பெட்டியில் இருக்கும் பிராண்ட் பெயரும், ஆப் ஸ்டோரில் அந்த ஆப்பை வெளியிட்டவர் பெயரும் ஒன்றுதானா என்று பாருங்கள். பல சமயம் இருக்காது. உங்கள் தகவல் இரண்டாவது பெயருக்குத்தான் போகிறது.

"பெயரை நீக்கிவிட்டுத்தான் பகிர்கிறோம்" என்கிறார்களே?

அமெரிக்க அரசின் உடல்நல ஆய்வு ஒன்றில் பல ஆயிரம் பேரின் அசைவுப் பதிவுகள் பெயரில்லாமல் வெளியாகியிருந்தன. ஒருவரின் சில நாள் பதிவைக் கொடுத்தால் வேறு நாள் பதிவுகளில் அதே ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா என்று சோதித்தார்கள். 2018இல் ஜாமா நெட்வொர்க் ஓபன் இதழில் வந்த முடிவின்படி, வயது போன்ற பொது விவரங்களையும் சேர்த்துக்கொண்டால் பெரியவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பேரைக் கணினி சரியாகப் பொருத்தியது. நடை என்பது கைரேகை மாதிரிதான்.

அவ்வளவு தூரம் போவானேன். தினமும் காலை 5.10க்கு ஒரு வீட்டிலிருந்து கிளம்பி, பிள்ளையார் கோயில் வாசலில் இரண்டு நிமிடம் நின்று, பால் பூத் வரை போய்த் திரும்பும் ஒரு கோடு. எங்கள் தெருவில் காட்டினால் கீரைக்காரம்மாகூடப் பெயர் சொல்லிவிடுவார்.

டாக்டரிடம் சொன்னால் ரகசியம். வாட்சிடம் சொன்னால்?

அந்த ரகசியம் டாக்டரைக் கட்டுப்படுத்துகிறது, வாட்ச் கம்பெனியை இல்லை. அமெரிக்காவில் 1996இலேயே வந்த ஹிப்பா சட்டம்கூட ஆஸ்பத்திரி, காப்பீடு, அவர்களுக்கு வேலை செய்கிறவர்கள் ஆகியோரைத்தான் பிடிக்கிறது. கடையில் நீங்களே வாங்கிக் கட்டிய கைப்பட்டை அதில் வராது. ஒரே ஈசிஜி, ஆஸ்பத்திரியில் எடுத்தால் ஒரு சட்டம், மணிக்கட்டில் எடுத்தால் வேறு. இந்த ஓட்டையை அடைக்க வாஷிங்டன் மாநிலம் 2023இல் தனிச் சட்டமே போட்டது. ஐரோப்பாவில் நிலைமை மேல். அங்கே 2018இலிருந்து உடல்நலத் தகவல், யார் கையில் இருந்தாலும், தனிக் கவனம் தேவைப்படும் வகை.

நம் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்புச் சொன்னார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம் இழுத்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து இன்னும் 18 மாதம், அதாவது 2027 மே வாக்கில்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒப்புதல் எதற்கென்று தெளிவாகச் சொல்லித்தான் வாங்க வேண்டும். கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும். என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்கலாம், திருத்தச் சொல்லலாம், அழிக்கச் சொல்லலாம். ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் காட்டு என்றும் கேட்கலாம். எட்டாம் அட்டவணையில் இருக்கும் 22 மொழிகளுக்கும் இது பொருந்தும். இந்த ஒன்றை மட்டும் கம்பெனிகள் ஒழுங்காகச் செய்தாலே, "நான் ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்துவது பாதி குறையும்.

இனி குறைகள். 2011ஆம் ஆண்டு ஐ.டி. (தகவல் தொழில்நுட்ப) விதிகளில் உடல்நிலை, மருத்துவ வரலாறு எல்லாம் 'நுண்ணுணர்வுத் தகவல்' என்று தனியாக இருந்தன. புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. நீங்கள் ஆர்டர் செய்த பீட்சாவும் உங்கள் ஈசிஜியும் ஒரே தராசில். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். ஆனால் அது அரசுக் கஜானாவுக்குப் போகும், உங்களுக்கு வராது. நஷ்டஈடு கேட்க வழியாக இருந்த ஐ.டி. சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டமே எடுத்துவிடுகிறது. வேலை சம்பந்தப்பட்ட சில நோக்கங்களுக்கு ஒப்புதல் கேட்காமலேயே முதலாளி தகவலைக் கையாளலாம். அரசுக்கு விலக்குகள் தாராளம்.

இலங்கை வாசகர்களுக்கு ஒரு வரி: உங்கள் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்பு வகையாகவே வைத்திருக்கிறது. இந்த விஷயத்தில் நம்மைவிட ஒரு படி மேல்.

ஆபீஸில் 'ஸ்டெப் சாலஞ்ச்' வைத்திருக்கிறார்கள். சேரலாமா?

நான் முன்பு இருந்த ஒரு கம்பெனியில் ஒரு மாதம் இது நடந்தது. யார் எத்தனை அடி என்று கேன்டீன் டிவியில் வரிசைப் பட்டியல் ஓடும். கைக்குழந்தைக்காரியான என் டீம் தோழி ஒருத்தி, தூங்கி வழிந்தபடி வருவாள், ஆனால் பட்டியலில் ஏழாவது இடம். எப்படி என்று கேட்டேன். "வாட்சைத் தூளிக் கயித்துல கட்டி விட்டுர்றேன்க்கா. பிள்ளையும் தூங்குது, நாலாயிரம் ஸ்டெப்பும் ஏறுது" என்றாள். நான் சிரித்தது உண்மை. ஆனால் அவளுக்கு அந்தப் பொய் எதற்குத் தேவைப்பட்டது? பட்டியலின் கடைசியில் அவள் பெயர் இருந்தால், பிரசவ விடுப்பு முடிந்து வந்தவள் 'எனர்ஜி' இல்லாமல் இருக்கிறாள் என்று டீம் லீடர் நினைத்துவிடுவார் என்ற பயம். அதே பட்டியலில் சிறு வயதில் போலியோ வந்த ஒருவரும் இருந்தார். அவர் சேரவில்லை. சேராதவர்கள் பெயரையும் டிவியில் போட்டார்கள், பக்கத்தில் ஒரு பூஜ்யத்தோடு.

'விருப்பம் இருந்தால் சேரலாம்' என்று மெயிலில் இருக்கும். சம்பளம் கொடுக்கிறவர் கேட்கும்போது விருப்பம் என்ற சொல்லுக்கு எடை குறைவு. சேர்வதானால் ஹெச்.ஆரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒவ்வொருவரின் எண்ணையும் யார் பார்ப்பார்கள்? அடி எண்ணிக்கை மட்டுமா, தூக்கமும் நாடியும் சேர்ந்து போகுமா? போட்டி முடிந்ததும் யார் அழிப்பார்கள்? பதில் வராவிட்டால் அதுவே பதில்.

தூய்மைப் பணியாளர்களுக்கு மாநகராட்சியே வாட்ச் கொடுத்ததாமே. அது வசதிதானே?

நாக்பூர், பஞ்ச்குலா, சண்டிகர் போன்ற ஊர்களில் தெரு பெருக்குகிறவர்கள் கையில் ஜிபிஎஸ் வாட்ச் கட்டினார்கள். உள்ளே சிம் இருக்கும். எங்கோ ஓர் அறையில் பெரிய திரை, அதில் ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. புள்ளி தன் தெருவை விட்டு நகர்ந்தால் தெரியும், நகராமல் நின்றாலும் தெரியும். தங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நிற்கும்போதே வாட்ச் வேறு இடம் காட்டியது, கூலி பிடித்தார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. இரவு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போட வேண்டியதும் அவர்கள்தான். சிலவற்றில் மைக்கும் கேமராவும் இருப்பதாகப் பேச்சு எழுந்ததும், கழிப்பறைக்குப் போகக்கூடப் பயமாக இருக்கிறது என்று பெண்கள் சொன்னார்கள். சண்டிகரில் போராட்டமே நடந்தது.

இது உடல்நலத் தகவல் இல்லையே, இருப்பிடம்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஒருவர் எத்தனை தடவை உட்கார்ந்தார், எத்தனை தடவை ஒதுங்கப் போனார், எப்போது அவர் நடை தளர்ந்தது என்பதெல்லாம் அந்தப் புள்ளியிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய்க்காரர் என்று தனியாக ஒரு கட்டத்தில் எழுத வேண்டியதில்லை.

எனக்கு உறுத்துவது இன்னொன்று.   ஒரே மாதிரிக் கருவிதான். ஐ.டி. கம்பெனி ஊழியருக்குப் பரிசாக வருகிறது, குப்பை அள்ளுகிறவருக்குக் கண்காணிப்பாக வருகிறது. வேலை நேரத்தில் வராமல் கையெழுத்து மட்டும் போடுகிறவர்களைப் பிடிக்கத்தான் என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிரச்சினை நிஜம்தான். அதற்கு வருகையைப் பதிந்தால் போதும். எட்டு மணி நேரமும் ஒரு மனிதரைப் புள்ளியாக்க வேண்டியதில்லை.

தினம் 10,000 அடி நடந்தால் இன்சூரன்ஸ் பிரீமியத்தில் சலுகை என்கிறார்கள். நல்லதுதானே?

நடப்பது நல்லது. சலுகையைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நடந்தவருக்கு 10 ரூபாய் குறைவு என்றால், நடக்காதவருக்கு 10 ரூபாய் கூடுதல். அமெரிக்காவின் ஜான் ஹான்காக் நிறுவனம் 2018இல் ஒரு படி மேலே போய், இனி விற்கும் ஆயுள் காப்பீடு எல்லாமே இப்படிக் கண்காணிப்புத் திட்டம் சேர்ந்ததாகத்தான் இருக்கும் என்றது. தகவல் தருவது கட்டாயமில்லை, தராவிட்டால் சலுகை மட்டும் போகும் என்றும் சொன்னது. இந்தியாவிலும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020இல் இத்தகைய ஊக்கத் திட்டங்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. இங்கே இப்போதைக்குப் பரிசுப் புள்ளி, தள்ளுபடி என்ற அளவில்தான் இருக்கிறது.

யாரால் 10,000 அடி நடக்க முடியும்? வீட்டுக்குப் பக்கத்தில் பூங்கா இருக்கிறவரால், மாலை ஆறு மணிக்கு வேலை முடிகிறவரால். நாள் முழுக்கத் தையல் மிஷினில் உட்கார்ந்திருக்கிற திருப்பூர்ப் பெண்ணால் முடியாது.

கொடுத்த தகவல் பத்திரமாக இருக்குமா என்பது அடுத்த கவலை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களும் மருத்துவ அறிக்கைகளும் டெலிகிராமில் பாட் (கேட்டால் தானாகவே பதில் அனுப்பும் நிரல்) வைத்து விநியோகிக்கப்பட்டதை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் வெளிக்கொண்டுவந்தது. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அது வாட்ச் தகவல் இல்லை. ஆனால் அடி எண்ணிக்கையையும் நாடியையும் இதே மாதிரி ஒரு பெட்டிக்குள்தான் போடப் போகிறோம்.

போலீஸ் கேட்டால் கம்பெனி கொடுத்துவிடுமா?

நீதிமன்ற உத்தரவு இருந்தால் கொடுக்க வேண்டி வரும். அமெரிக்காவின் கனெக்டிகட்டில் 2015 டிசம்பரில் ஒரு பெண் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். முகமூடி போட்ட ஆள் உள்ளே புகுந்தான் என்றார் கணவர். அவர் சொன்ன நேரத்துக்குப் பிறகும் மனைவி வீட்டுக்குள் நடமாடியதை, அந்தப் பெண் மாட்டியிருந்த ஃபிட்பிட் காட்டியது. 2022இல் கணவருக்கு 65 வருடத் தண்டனை. இதைக் கேட்டால் வாட்ச் நல்லது செய்தது என்றே தோன்றும், எனக்கும் தோன்றியது.

சிங்கப்பூர்க் கதையையும் சேர்த்துக் கேளுங்கள். கோவிட் காலத்தில் யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள் என்று பதிய, டிரேஸ்டுகெதர் என்ற ஆப்பும் கூடவே எடுத்துச் செல்லும் சின்னக் கருவியும் தந்தார்கள். தொற்றைக் கண்டுபிடிக்க மட்டும்தான் என்றார்கள். 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் கேள்வி வந்தபோது, குற்ற விசாரணைக்கும் போலீஸ் எடுக்க முடியும் என்று அரசு ஒப்புக்கொண்டது. மக்கள் கொதித்ததும் அடுத்த மாதமே சட்டம் போட்டு, ஏழு வகைக் கொடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஒன்றுக்கென்று வாங்கியதை இன்னொன்றுக்கு எடுப்பது கெட்ட எண்ணத்தில்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை.

ஊரில் தனியாக இருக்கும் அப்பாவுக்கு வாட்ச் கட்டிவிட்டு, என் போனில் பார்த்துக்கொள்ளலாமா?

நானே செய்தேன். அப்பா பாளையங்கோட்டையில், நான் சென்னையில். அஞ்சல் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், 74 வயது. நாடித்துடிப்பு, நடை, தூக்கம் எல்லாம் என் போனில் தெரியும்படி செய்துவிட்டு வந்தேன். ஒரு வாரம் நிம்மதியாகத்தான் இருந்தது. அப்புறம் தினமும் சாயங்காலம் நாலரையிலிருந்து ஐந்தரை வரை ஒன்றுமே பதிவாகவில்லை. பதறிப் போய்ப் போன் போட்டேன்.

"ஏன்ப்பா வாட்சைக் கழட்டுறீங்க?"

"டீ குடிக்கப் போறேன்மா. கூட ஒரு வடை. அதுக்கும் உங்கிட்ட லீவ் லெட்டர் குடுக்கணுமா?"

அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. வடையைப் பற்றி நான் கத்துவேன் என்று, வாட்சைக் கழற்றிப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். வாட்ச் இருக்கும் இடத்தை வைத்து நான் கடைக்காரரைப் பிடித்துவிடுவேன் என்று பயம். நாற்பது வருடம் ஊராரின் கடிதங்களைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த மனுஷன். அவர் தூங்கிய நேரத்தை நான் பிரித்துப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடுத்த முறை போனபோது இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம். கீழே விழுந்தால் எனக்குத் தகவல் வரும், அவசரப் பொத்தானை அழுத்தினால் வரும். மற்றதை எல்லாம் அணைத்தாயிற்று. நாடித்துடிப்பு அவர் போனில் மட்டும், டாக்டரிடம் அவரே காட்டிக்கொள்வார். இப்போது டீக்கடைக்கு வாட்சைக் கட்டிக்கொண்டே போகிறார். விழுந்தால் தகவல் வர வேண்டும் என்றால் வாட்ச் கையில் இருக்க வேண்டுமே. எல்லாவற்றையும் பார்க்க முயன்றபோது ஒரு மணி நேரம் அது அலமாரியில்தான் இருந்தது.

கணவரும் மனைவியும் ஒரே அக்கவுண்ட் வைத்துக்கொள்ளலாமா? மாதவிடாய் ஆப்?

வேண்டாம். யார் இமெயிலில் அக்கவுண்ட் திறந்ததோ அவர்தான் கம்பெனியின் கண்ணில் சொந்தக்காரர். புது மருமகளுக்கு வாட்சை 'செட்டப்' செய்து கொடுக்கிறேன் என்று வீட்டில் யாராவது தன் இமெயிலைப் போட்டால், அவள் தூக்கமும் தேதிகளும் அவருடைய போனில். அமெரிக்காவில் 2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமைத் தீர்ப்பு ரத்தானபோது பெண்கள் மாதவிடாய் ஆப்களை அவசரமாக அழித்தார்கள், அரசை நினைத்து. நம் ஊரில் அந்தத் தேதிகளை முதலில் தேடப் போவது போலீஸ் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறார்கள். தேதி குறிக்க ஒரு சின்னக் காலண்டர் போதும் என்பது என் கருத்து.

பள்ளிப் பிள்ளைக்கு வாட்ச்?

ஒட்டுக்கேட்கும் வசதி உள்ள குழந்தை வாட்ச்களை ஜெர்மனி 2017இலேயே தடை செய்துவிட்டது. சில பெற்றோர் அதை வைத்து வகுப்பில் ஆசிரியர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் ஒரு காரணம். நம் புதிய சட்டத்தில் 18 வயதுக்குக் கீழ் எல்லாரும் குழந்தைகள். பெற்றோர் ஒப்புதல் சரிபார்க்கப்பட வேண்டும், குழந்தையின் நடத்தையைக் கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது. வாங்கினால் போன் பேசவும் இடம் காட்டவும் மட்டும் போதும்.

வாட்ச் சொல்வது தப்பாக இருந்தால்?

இருக்கும். வாழைப்பழத்தில் கட்டினாலும் நாடித்துடிப்புக் காட்டும் வாட்ச்கள் உண்டு, வீட்டில் முயன்று பாருங்கள். விளையாட்டு ஒரு பக்கம். தோலில் இருக்கும் மெலனின் ஒளியை உறிஞ்சும், அதனால் ஒளியை வைத்து அளக்கும் கருவிகள் கறுத்த தோலில் தடுமாறலாம். ஆஸ்பத்திரிகளில் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியே, நிஜமான ஆக்சிஜன் குறைவை வெள்ளை நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதை 2020 டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு காட்டியது. இப்படித் தப்பக்கூடிய எண்ணை வைத்து நாளைக்குப் பிரீமியமோ வேலையோ முடிவானால், தப்பின் விலையை யார் கொடுப்பது?

வாங்கிய கம்பெனியே கைமாறினால்?

உங்கள் தகவலும் கூடவே போகும். ஃபிட்பிட்டை வாங்குவதாகக் கூகுள் 2019 நவம்பரில் அறிவித்தது, 210 கோடி டாலர். ஐரோப்பிய ஆணையம் அனுமதி கொடுத்தபோது, ஐரோப்பியப் பயனாளர்களின் உடல்நலத் தகவலைப் பத்து வருடம் விளம்பரத்துக்குத் தொடக் கூடாது என்று கட்டுப்போட்டது. மற்றவர்களுடையதையும் தொட மாட்டோம் என்று கூகுள் தானாகச் சொன்னது. அங்கே உத்தரவு, நமக்கு வாய்ச்சொல். கடையையே மூடுவதும் உண்டு. அமேசான் தன் ஹாலோ கைப்பட்டைச் சேவையை 2023இல் நிறுத்தியது, பயனாளர் தகவலை அழிப்பதாகவும் சொன்னது. மூடும்போது அதையாவது சொல்லிவிட்டுப் போகிறார்களா என்று பாருங்கள்.

சரி, இப்போது போனில் என்ன மாற்றலாம்?

ஆப்புக்குக் கான்டாக்ட்ஸ் பெர்மிஷன் தர வேண்டாம், போன் வந்தால் பெயர் காட்டுவதற்கு என்று கேட்கும், அந்த வசதி இல்லாமலும் உயிர் வாழலாம். லொகேஷன் 'பயன்படுத்தும்போது மட்டும்'. ஓட்டத்தை வெளியே காட்டுகிறவர்கள் வீட்டைச் சுற்றியுள்ள தூரத்தை மறைக்கும் வசதியைப் போட்டுவிடுங்கள். ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட், ஐபோனில் ஹெல்த் ஆப், இரண்டிலும் எந்த ஆப் எதை எடுக்கிறது என்று தனித்தனியாகப் பார்த்து அணைக்கலாம். ஒரு தடவை திறந்து பாருங்கள். என்றோ போட்டு மறந்துபோன டயட் ஆப் ஒன்று இன்னும் உங்கள் எடையைப் படித்துக்கொண்டிருக்கும். ஐபோனில் இரட்டைச் சரிபார்ப்பு போட்டிருந்தால் ஹெல்த் தகவல் ஆப்பிளாலேயே படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது.

பழைய வாட்சை யாருக்காவது கொடுக்கும்போது ரீசெட் செய்தால் வாட்ச்தான் சுத்தமாகும். ஆப்பை அழித்தாலும் அக்கவுண்ட் சர்வரில் அப்படியே இருக்கும். அக்கவுண்டையே அழிக்கும் பொத்தான் செட்டிங்ஸின் அடியில் எங்கோ இருக்கும், தேடுங்கள்.

நான் இறந்த பிறகு?

புதிய சட்டப்படி உங்கள் உரிமைகளைப் பயன்படுத்த ஒருவரை நியமிக்கலாம். வங்கி நாமினி மாதிரி.

இவ்வளவு சொல்கிறீர்களே, நீங்கள் வாட்ச் கட்டுகிறீர்களா?

கட்டுகிறேன். நடக்கும்போது மட்டும், தூங்கும்போது கழற்றிவிடுவேன். ஆப்பில் என் பெயர் வேறு, இமெயில் அதற்கென்றே திறந்தது, ஊர் கன்னியாகுமரி என்று போட்டிருக்கிறேன். வயது மட்டும் நிஜம். அதில் பொய் சொல்லிப் பார்த்தேன், வேகமாக நடந்தால் நாடித்துடிப்பு எச்சரிக்கை தப்புத் தப்பாக அடித்தது.